குதங்களும் குப்பிவிளக்கும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதி வைத்தவர்களிற் பெரும்பாலோர் கப்பலில் வந்தவர்கள். ஆகவே அந்த வரலாறு கடலிலிருந்து கரையைப் பார்க்கின்ற வரலாறாகவே அமைந்துவிட்டது. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் ஆலயத்தை இடித்துக் கோட்டை கட்டியது, பின்னர் ஒல்லாந்தர் வந்தது, 1782 என்ற ஒரே ஆண்டில் அது ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறியது, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமானது, 1803இல் பிரெட்றிக் கோட்டை என்று பெயர் சூட்டப்பெற்றது - இவையெல்லாம் நமது பிள்ளைகளுக்கு மனப்பாடம். துறைமுகத்தின் ஆழம் எத்தனை பாகம் என்று கணக்கெடுத்தவர்கள் உண்டு. கரையிலிருந்த வீட்டில் அன்றிரவு என்ன விளக்கு எரிந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

கப்பலில் வந்தவர்களுள் ஒருவன் விதிவிலக்கு. 1660இல் கொட்டியாரத்திலே, அதாவது இன்றைய மூதூர்ப் பக்கத்திலே, தந்தையோடு கண்டி மன்னனின் ஆட்களிடம் அகப்பட்ட றொபேட் நொக்ஸ் என்பவனே அவன். புயலில் சேதமடைந்த கப்பலைச் செப்பனிடும் நோக்கத்தோடு கரையொதுங்கியவர்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்துபோனார். மகன் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களிலே தடுத்து வைக்கப்பட்டிருந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூலிலே நெல் விளைவிப்பதும் சோறு சமைப்பதும் வெற்றிலை போடுவதும் விரிவாக வருகின்றன. தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் பிழைத்தவன் அல்லவா! கரையிலே வாழ நேர்ந்தவனுக்குத்தான் அடுப்பங்கரையும் வரலாறாகத் தெரிந்திருக்கிறது.

நம்மவர் மட்டும் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். தமிழின் முதலாவது வரலாற்று நாவல் எனப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலையிலே பிறந்தவர். நாம் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட களம் நாயக்கர் காலத்துத் தஞ்சையும் மதுரையும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்நாளில் வரலாறு என்றால் அரண்மனை. தாம் பிறந்த ஊரின் தெருவிலும் வரலாறு நடக்கின்றது என்று எண்ணுவதற்கு அவருக்கு முகாந்திரம் இருந்திராது. நூறாண்டுக்கு மேல் கழிந்தும் நமக்கு அந்த எண்ணம் போதியளவு வரவில்லை என்பதே என் ஆதங்கம். ஆகவே, நேயர்களே, இன்று தளபதிகளை ஒருபுறம் இருக்கவிட்டு வீட்டுப் பேச்சிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆண்டுகள் எண்களாக இருந்ததில்லை. பெரியமாமா பிறந்தது 'குண்டு போட்ட வருஷம்'. அதாவது 1942. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத் தளத்தின் மீதும் குண்டு வீசின. வீட்டின் பின்பக்கச் சுவர் மறுபடி கட்டப்பட்டது 'சூறாவளி'க்குப் பிறகு. அது 1964 டிசம்பர். என் தலைமுறையிலே 'இந்தியன் ஆமி போன வருஷம்' என்றால் 1990. அந்த ஆண்டு மார்ச் 24ஆம் திகதி இந்திய அமைதிப் படையின் கடைசி அணியினர் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பலேறினர். அதற்குப் பிறகு வந்த அளவுகோல் சுனாமி. ஒரு ஊரின் பஞ்சாங்கம் இப்படித்தான் அச்சகத்துக்குப் போகாமலே தயாராகிறது. இதிலே ஒரு நல்ல காரியத்தின் பெயரால் அறியப்படும் ஆண்டு ஒன்றுமே இல்லையே என்று ஒருமுறை நான் கேட்டதற்கு, "ஏன் இல்லை, சாமி வெளிப்பட்ட வருஷம் இருக்கே" என்றார் அம்மம்மா. 1950இல் கிணறு தோண்டுகையில் கோணேசர் ஆலயத்துப் பழைய விக்கிரகங்கள் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்ததைச் சொன்னார்.

அம்மப்பாவின் பேச்சிலே எல்லாக் காலமும் இரண்டே காலம். ஒன்று 'டொக்யாட் காலம்'. மற்றது அதற்குப் பிறகு வந்த காலம். 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் விழுந்த பின் திருகோணமலையின் முக்கியத்துவம் திடீரென்று உயர்ந்தது. போர் முடிந்த பின்னும் பிரித்தானியக் கடற்படை இங்கேயே இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று 9 ஆண்டுகள் கழித்து, 1957இலேதான் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசியல் வரலாற்றில் அது ஒரு வெற்றி. எங்கள் வீட்டு வரலாற்றில் அது அம்மப்பாவுக்கு வேலை போன வருஷம். அவரிடம் மிஞ்சியிருந்தவை ஓர் இரும்புப் பெட்டி, ஓர் எனாமல் கோப்பை, 'ஓவர்டைம்' என்ற சொல். அந்தக் கோப்பையில்தான் கடைசிவரை தேநீர் குடித்தார்.

வெள்ளைக்காரன் காலம் பொற்காலம் என்று அவர் சொல்லக் கேட்டு இளமையில் எனக்குக் கோபம் வந்ததுண்டு. அடிமைக் காலத்தை நினைத்து ஏங்கலாமா என்று தர்க்கம் செய்திருக்கிறேன். அவர் ஏங்கியது வெள்ளைக்காரனுக்காக அன்று, மாதம் தவறாமல் வந்த சம்பளத்துக்காக. ஏக்கம் என்பதைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால் அடியிலே பெரும்பாலும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கும்.

'பாஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மப்பாவுக்குப் பாஸ் என்றால் டொக்யாட் வாசலிலே காட்டிவிட்டு உள்ளே போகும் அட்டை. அதைச் சட்டைப் பையிலே வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு தெருவிலே நடப்பதில் ஒரு மிடுக்கு இருந்ததாம். என் பிள்ளைப் பருவத்திலே பாஸ் என்றால் கடலுக்குப் போக மீனவர் எடுக்க வேண்டிய அனுமதி, ஊர் விட்டு ஊர் போக எடுக்க வேண்டிய அனுமதி. அதைப் பையின் அடியிலே, மழை படாமல், பொலித்தீனில் சுற்றி வைத்தார்கள். அதே தெரு, அதே சொல். ஒருவருக்கு அது வாசலைத் திறந்தது. மற்றவருக்கு வாசல் இருக்கிறது என்பதை நினைவூட்டியது.

இனி விளக்குக்கு வருகிறேன்.

சீனக்குடாவுக்கு அப்பாலுள்ள காட்டுக்குள்ளே, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் 10,000 தொன்னளவு எண்ணெய் கொள்ளத்தக்கது. மொத்தத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் தொன். 1942இல் ஒரு ஜப்பானிய விமானம் வந்து மோதி எரிந்த குதத்தின் உருகிய இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. 1987 யூலை இலங்கை - இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களிலே இந்தக் குதங்கள் இடம்பெற்றன. 2003இல் ஒரு பகுதி இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கை நிறுவனத்திடம் போனது. 2022 ஜனவரியில் மேலும் 61 குதங்களைக் கூட்டாக அபிவிருத்தி செய்ய உடன்படிக்கை ஆனது. உலக வரைபடத்திலே திருகோணமலையைத் தேடுகிறவர்கள் பலர் இந்தக் குதங்களைத்தான் தேடுகிறார்கள்.

நாங்கள் அவற்றை எப்படி அறிந்திருந்தோம்? வீதியாற் போகும்போது மரங்களுக்கிடையே ஒன்றிரண்டின் தலை தெரியும். அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த எண்ணெய், சங்கக்கடை வரிசையிலே போத்தலில் வாங்கிய மண்ணெண்ணெய். 1979இல் அரசாங்கம் உணவு முத்திரையோடு மண்ணெண்ணெய் முத்திரையும் கொடுக்கத் தொடங்கியிருந்தது. மின்சாரம் எட்டாத வீடுகளுக்கு வெளிச்சமும் பங்கீட்டுப் பொருள்தான் என்று அரசு ஒப்புக்கொண்ட ஆவணம் அது. 1990 யூனில் மீண்டும் போர் மூண்ட பின், மின்கம்பி வந்த வீடுகளும் விளக்கு வீடுகளாயின. கம்பி அறுந்தால் அதைக் கட்டப் போவார் இல்லை. இரண்டு நாளென்றும் பத்து நாளென்றும் இருள். அரிக்கன் லாம்பு ஒன்று, அது அம்மாவோடு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடக்கும். படிக்கிறவர்களுக்குக் குப்பிவிளக்கு.

குப்பிவிளக்கு செய்வது ஒரு தொழில்நுட்பம். மருந்துப் போத்தல் ஒன்று, தகரமூடி, பழைய பருத்திச் சீலைத் திரி. மூடியிலே ஆணியால் ஓட்டை போட்டுத் திரியை விட்டால் விளக்கு எரியும். ஆனால் சூட்டிலே திரி உள்ளே நழுவிவிடும், அல்லது புகை கக்கும். அதற்குச் சைக்கிள் ரியூப்பின் வால்வு வேண்டும். பழைய ரியூப்பிலிருந்து பித்தளை வால்வைக் கழற்றி, அதனூடே திரியைக் கோத்து மூடியில் இறுக்கினால் சுடர் அசையாமல் நிற்கும். பற்பசைக் குழாயின் கழுத்தை வெட்டியும் செய்யலாம். அன்றைய குழாய் ஈயத்தகடு போன்றிருந்தது. எங்கள் ஒழுங்கையிலே சைக்கிள் திருத்தும் அண்ணரிடம் வால்வுக்குச் சொல்லி வைத்துக் காத்திருந்த பிள்ளைகள் பலர். அவர் விற்கமாட்டார். "படிக்கிற பிள்ளையோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தருவார்.

சாம்பல் போட்டு லாம்புச் சிமினி துடைப்பது சிறு கையுள்ளவர்களின் வேலை. பெரியவர்களின் கை உள்ளே போகாது. காலையில் முகம் கழுவும்போது மூக்குக்குள்ளிருந்து கரி வரும். கொப்பித் தாள்களில் மண்ணெண்ணெய் மணக்கும். க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்த என் இலக்கணப் புத்தகத்தில் புணர்ச்சி அதிகாரம் முழுவதும் ஒரு மஞ்சள் கறை. அந்தக் கறையைத் தொட்டால் சூத்திரம் நினைவுக்கு வருகிறது. இதற்குள் ஒரு சுகம் இருந்தது என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் திகைக்கிறார்கள். போர்க்காலத்தை நினைத்து எப்படி ஏங்க முடியும் என்று கேட்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை போர்க்காலத்தில் வாழ்வதில்லை. அது நான்காம் பாடத்துக்கு வீட்டுவேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேர் இருந்தே ஆக வேண்டியிருந்ததால் தம்பியின் பாடம் எனக்கும் என் பாடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பாடமாயிற்று. பகலிலே நடந்தவை வேறு. அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் அந்த வெளிச்சத்துக்கு அப்பால், திண்ணை இருட்டிலிருந்து மெதுவாகக் கதைத்தார்கள்.

அந்தத் திண்ணையிலேதான் வானொலிப் பெட்டியும் இருந்தது. இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. அதைத் தவறவிட்டவர்கள் மறுநாள் சந்தையில் மற்றவர் வாயைப் பார்க்க வேண்டும். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் எங்கள் தெருவில் இரசிகர் இருந்தனர். பற்றறி தீர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலிலே காய வைப்போம். ஓர் இரவுக்கு உயிர் வரும். யாழ்ப்பாணத்திலே சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். எங்களுக்கு அந்த அளவு பஞ்சமில்லை. ஆனால் துறையைக் கடந்து கட்டுப்பாடற்ற பகுதிக்கு என்று சொல்லப்பட்ட அக்கரைக்குப் போகும்போது பையிலே இரண்டு பற்றறி இருந்தால் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே காலத்தில் திருகோணமலைக்கு வடக்கே ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் இயங்கிக்கொண்டிருந்தது. உயர்ந்த கோபுரங்கள், அவற்றிடையே வலைபோலக் கம்பிகள். எங்கள் மண்ணிலிருந்து ஆசிய நாடுகளுக்கெல்லாம் குரல் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பற்றறி காய வைத்துக்கொண்டிருந்தோம். 2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. தமிழோசை வானொலியும் 2017 ஏப்ரலோடு நின்றுபோயிற்று. வானொலித் தொடர் ஒன்றிலே இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு கூச்சம் உண்டாகிறது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

அக்கரை என்றேனே, அதற்கு வழி லோஞ்சு. நகரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து மூதூருக்கு. தரைவழியிலே கிண்ணியாவில் ஒரு துறை, அதற்கப்பால் மேலும் துறைகள் என்று ஏறி இறங்கிப் போவதைவிட இதுவே சுருக்கம். தயிர் முட்டிகள், கோழிக் கூடைகள், வைத்தியசாலைக்கு வந்து திரும்பும் நோயாளர், கச்சேரிக்கு வந்த விதானைமார், முக்காடிட்ட தாய்மார், பாடசாலை மாற்றலாகிப் போகும் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பலகை. மூதூரில் பிறந்து ஆசிரியராய் வாழ்ந்த வ. அ. இராசரத்தினம் 'தோணி' என்ற சிறுகதையிலே சொந்தத் தோணிக்கு ஆசைப்படும் ஒரு மீனவப் பையனை எழுதினார். வகுப்பில் அதைப் படிப்பிக்கும்போது நான் முதலில் கேட்பது, கடலிலிருந்து நம்முடைய ஊரைப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதைத்தான். முன்பெல்லாம் பாதி வகுப்பு கை உயர்த்தும். இப்போது மூன்றோ நான்கோ. சுவாமிமலைப் பாறை, அதன்மேல் கோயில், அதற்குக் கீழே கோட்டை மதில், அலையடிக்கும் இராவணன் வெட்டு ஆகிய யாவும் ஒரே பார்வையில் அகப்படுவது லோஞ்சிலிருந்துதான். நொக்ஸ் கண்ட ஊர் அது. கரையாலே போகிறவனுக்கு அது துண்டு துண்டாகவே கிடைக்கும்.

1996இல் லோஞ்சுக்குப் புதிய சிக்கலொன்று வந்தது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக அரசாங்கம் மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. எங்கள் மாவட்டத்திலே ஒரு குடாவின் கரைகளில் இரண்டு நேரங்கள் ஓடின. "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்காமல் கலியாண முகூர்த்தமும் சொல்ல முடியாது, செத்தவீடு எடுக்கும் நேரமும் சொல்ல முடியாது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. பத்து ஆண்டுகள் அரை மணித்தியாலத்தைச் சுமந்துகொண்டு திரிந்தோம் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். நல்லவேளை, எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அம்மா கடைசிவரை திருப்பவே இல்லை. அவருக்குப் புதிய நேரம் பஸ்ஸுக்கு மட்டும். பூசைக்கும் விளக்கேற்றவும் பழையது.

பின்னர் பாலங்கள் வந்தன. 2009இல் கிண்ணியாப் பாலம். 2011இல் அதற்கப்பாலுள்ள துறைகளுக்கும் பாலங்கள். இப்போது மூதூர் மட்டுமன்று, மட்டக்களப்பு வரையிலும் இறங்காமற் போகலாம். படகுப் பயணம் போயிற்றே என்று ஏங்குகிறவர்களிடம் நான் ஒரு திகதியைச் சொல்வதுண்டு. 2021 நவம்பர் 23. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாதிருந்த இடத்தில், காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்களை ஏற்றிய மிதவைப் படகு கவிழ்ந்தது. அந்தச் சிறுவர்களிற் சிலர் வீடு திரும்பவில்லை. துறையின் அழகைப் பேசுவதற்கு, மறுகரையிலே பத்திரமாக இறங்கியவனாக இருக்க வேண்டும்.

நான் பேசிய பொருள்களிலே மற்றவை போனவை போனவைதான். விளக்கு மட்டும் திரும்பி வந்தது.

2022 ஜனவரியில் குதங்களுக்கான உடன்படிக்கை கைச்சாத்தானது என்றேன். அந்த மார்ச் மாத முடிவிலே நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிபொருள் நிலையங்களிலே வரிசை முதலில் வீதியளவு நீண்டது, பிறகு நாளளவு நீண்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர் இயந்திரப் படகுகளைக் கரையில் இழுத்து வைத்தார்கள். ஓகஸ்ற்றிலே ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மே மாதம் சாதாரணதரப் பரீட்சைக்கு இருந்த பிள்ளைகள், 99 குதங்கள் நிற்கும் ஊரிலே, மெழுகுதிரி வாங்க முடியாமல் படித்தார்கள். என் வகுப்பிலே விளக்குப் பற்றி அதுவரை நான் சொன்னதெல்லாம் பழங்கதை, தலையாட்டிக் கேட்டவை. அந்த மாதங்களில் அதே பிள்ளைகள் என்னிடம் வந்து, மூடியில் எத்தனை பெரிய ஓட்டை போட வேண்டும் என்று கேட்டார்கள்.

இரண்டு பேர் செய்து கொண்டுவந்தும் காட்டினார்கள். ஒன்று புகைந்தது. பற்பசைக் குழாய் இப்போது பிளாஸ்ரிக், அது உருகிவிட்டது. மற்றது அடக்கமாக எரிந்தது. வால்வு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அப்பாச்சியின் பெட்டிக்குள் பழைய மண்ணெண்ணெய் முத்திரை அட்டையோடு, சீலைத்துண்டில் முடிந்து, ஏழெட்டு வால்வுகள் இருந்தனவாம்.